வன்னி வெயிலும் எஞ்சின் சூடும்: தூரப்பயணம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியூடாகப் போகிற ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் பைக்கில் போகிறவர்கள் கராஜில் இறங்கிக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் போகிற பொடியள், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து பைக் வாடகைக்கு எடுத்தவர்கள், முல்லைத்தீவில் இருந்து மன்னாருக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் என்று பலரும் கேட்பவை இவை. முக்கால்வாசிப் பேர் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். முதல் கேள்வியை அங்கிருந்தே தொடங்குவோம்.

இந்த வெயிலை எஞ்சின் தாங்குமா, அண்ணை?

தாங்கும். ஒழுங்காகப் பராமரித்த எஞ்சினுக்கு வன்னி வெயில் பெரிய விசயம் இல்லை. கணக்குப் பார்த்தால் விளங்கும். காற்றால் குளிரும் எஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, ஓட்டத்தில் 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக இருப்பது வழமை. 180 என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 28 பாகையாக இருந்தால் இரண்டுக்கும் இடைவெளி 152. காற்று 35 பாகையானால் இடைவெளி 145. குளிரும் வேகம் ஏறத்தாழ 5 வீதம்தான் குறைகிறது. றேடியேற்றர் உள்ள பைக்கில் கூலன்ற் என்கிற குளிர்திரவம் 95 பாகை அளவில் ஓடுவதால் இழப்பு கொஞ்சம் கூட, ஏறத்தாழ 10 வீதம். பைக் செய்கிறவர்கள் இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் செய்கிறார்கள்.

அப்படியென்றால் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் மட்டும் ஏன் இத்தனை பைக்குகள் வழியில் நிற்கின்றன? ஏற்கெனவே உள்ளே இருந்த குறை அப்போது வெளியே வருகிறது. ஒயில் பாதிதான் இருக்கும். சிலிண்டரின் தகடுகளுக்கு இடையில் போன மாரியின் சேறு காய்ந்து கல்லாகி இருக்கும். காபரேற்றர் ஜெற், அதாவது பெற்றோல் வருகிற சின்னத் துவாரம், பாதி அடைத்திருக்கும். குளிர்ந்த காலத்தில் இவற்றோடு எப்படியோ ஓடியிருக்கும், சித்திரை வெயில் அந்தக் கடைசி 5 வீதத்தையும் எடுத்துவிடும். ஆகவே வெயிலைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டுப் பைக்கைத் திறந்து பாருங்கள்.

வருடத்தில் எந்த மாதங்கள் மோசம்?

சூரியன் வன்னியின் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரலில் புதுவருடத்தை ஒட்டி, பிறகு ஆகஸ்ட் கடைசியில். மே தொடக்கம் செப்டம்பர் வரை மழையும் இல்லை, தென்மேற்கில் இருந்து காய்ந்த காற்று அடித்துக்கொண்டே இருக்கும். தார் வீதி கையை வைக்க முடியாத சூட்டில் கிடக்கும், 60 பாகையைத் தாண்டுவது புதிதில்லை. பைக்கின் காற்று அந்தத் தார் மேலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு மாரி தொடங்கினால் சூட்டுப் பிரச்சினை போய்ச் சேற்றுப் பிரச்சினை வரும்.

காற்றால் குளிர்வது, ஒயிலால் குளிர்வது, தண்ணீரால் குளிர்வது: எது நல்லது?

மூன்றும் நல்லதுதான், குணம்தான் வேறு. பல்சர் 150, எஃப்சட் போன்றவை காற்றை நம்பியவை. ஓடிக்கொண்டிருந்தால் குளிரும், நின்றால் குளிராது, அவ்வளவுதான். அப்பாச்சி ஆர்டிஆர் 200 போன்றவற்றில் ஒயிலுக்கென்று ஒரு சின்ன கூலர் உண்டு. பல்சர் என்எஸ்200 போன்றவற்றில் றேடியேற்றரும் ஃபானும் உண்டு, நின்றாலும் ஃபான் சுற்றிக் காப்பாற்றும்.

ஏ9இல் சீராக 60, 65இல் போகிறவருக்குக் காற்றுக் குளிர்ச்சியே போதும். பழுதாகப் பாகங்கள் அதிகம் இல்லாத பைக் என்பதால் உள்ளூர்ப் பாதைகளுக்கு நான் அதையே விரும்புவேன். சிக்கல் வருவது ஊர்ந்து போகும் இடங்களில். ஆகஸ்ட் 15இல் மடுத் திருவிழாவுக்குப் போகிற வீதியையும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிற வீதியையும் நினைத்துப் பாருங்கள். முதல் கியரில் கிளச்சைப் பாதி பிடித்துப் பிடித்து அரை மணித்தியாலம் நகர்வது, உச்சி வெயிலில் நூறு கிலோமீற்றர் ஓடுவதைவிட எஞ்சினுக்குக் கொடுமை. அப்படியான வரிசையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் எஞ்சினை நிறுத்துங்கள். திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதால் ஒரு கேடும் இல்லை. இரண்டு பேர் என்றால் பின்னால் இருப்பவர் இறங்கித் தள்ளினாலும் சரி.

ஒயில் எது போடுவது? தடிப்பானது போட்டால் சூடு குறையுமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதிகம் பேர் பிழையாகச் செய்வதும் இதைத்தான்.

ஒயில் எஞ்சினுக்கு வழுவழுப்பு மட்டும் தருவதில்லை, பிஸ்டனின் அடியில் பட்டுச் சூட்டை அள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறது. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் அரைவாசி வேலை ஒயிலுடையது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று இருப்பதில் பின்னால் வருகிற இலக்கம்தான் 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. பைக்கோடு வந்த புத்தகத்தில் இரண்டு மூன்று வகை போட்டிருந்தால் வன்னிக்குத் தடிப்பானதை எடுங்கள். புத்தகத்தில் இல்லாத தடிப்பை நீங்களாகப் போடாதீர்கள். தேவைக்கு மிஞ்சித் தடித்த ஒயில் ஒடுக்கமான வழிகளில் மெதுவாகப் போகும், அதைத் தள்ளுவதற்கே எஞ்சின் கூடுதலாக உழைத்துச் சூடாகும்.

போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். பைக்கின் கிளச் ஒயிலுக்குள்ளேதான் சுற்றுகிறது. கார் ஒயில் சிலவற்றில் வழுக்கலுக்கென்று சேர்க்கிற பொருள் கிளச்சையும் வழுக்க வைக்கும். வழுக்குகிற கிளச் அதுவே ஒரு அடுப்பு.

அளவைப் பார்ப்பது இப்படி. பைக்கை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். சூடான எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள், ஒயில் கீழே வடியட்டும். பிறகு கண்ணாடி வட்டத்தைப் பாருங்கள், குச்சி என்றால் துடைத்து விட்டு எடுங்கள். பக்க ஸ்டாண்டில் சரிந்து நிற்கிற பைக்கின் கண்ணாடியில் பார்த்த அளவை நம்பவேண்டாம். 150 சிசி எஞ்சினுக்குள் இருப்பது ஒரு லீற்றர் அளவுதான். அதில் 300 மில்லிலீற்றர் எரிந்து போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒயில் அதே சூட்டைச் சுமக்க வேண்டும், பிறகு அதுவும் கெட்டுப்போகும். தூரப்பயணத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் இதைப் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

மாற்றுகிற கிலோமீற்றரைப் பற்றி என் கருத்து: புத்தகம் 5000 என்றால் புழுதியிலும் சூட்டிலும் ஓடுகிற பைக்குக்கு 3000இல் மாற்றுங்கள். சூடு கூடக்கூட ஒயில் கெட்டுப்போகும் வேகமும் கூடும், 10 பாகைக்கு இரு மடங்கு என்பது பொதுக்கணக்கு.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

விடவேண்டாம். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினத் தண்ணீர். வீட்டுக் கேத்திலுக்குள் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். படிந்த இடத்தில் சூடு வெளியே போகாது, குழாயும் ஒடுங்கிப் போகும். மூடியைத் திறந்து வாய்ப் பக்கத்தை விரலால் தடவினால் மா போல வெள்ளை ஒட்டினால், உள்ளேயும் அப்படித்தான் என்று அர்த்தம்.

கடையில் கலந்தே விற்கிற கூலன்ற் வாங்குங்கள். கலக்க வேண்டியது என்றால் வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கலக்கலாம். பற்றரிக்கு விடுகிற தண்ணீர் வடித்ததுதான், ஆனால் அசிட் போத்தலையும் அதே தட்டில்தான் வைத்திருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். வெறும் தண்ணீர் சூட்டை இன்னும் நன்றாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் துருவையும் படிவையும் தடுக்கிற மருந்து அதில் இல்லை, கொதிக்கிற எல்லையும் குறைவு. பாதிக்குப் பாதி கலவையை அழுத்த மூடி போட்டு மூடினால் 120 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்.

நடுக்காட்டில் கசிந்து ஒன்றும் இல்லாமல் போனால்? அப்போது கிடைக்கிற நல்ல தண்ணீரை விட்டு ஊர் போய்ச் சேருங்கள், பிறகு முழுவதையும் வடித்துவிட்டுக் கூலன்ற் விடுங்கள். ஆனால் எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருந்த கூலன்ற் மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்துக்கு அடிக்கும். மூடியைப் பிடித்துப் பார்த்துக் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

றேடியேற்றர் பைக்கில் மீற்றர் சொல்லும். பெரும்பாலானவற்றில் 80இல் இருந்து 100 வரை சாதாரணம், 100ஐத் தாண்டினால் ஃபான் சுற்றும். 115ஐத் தாண்டியும் இறங்காவிட்டால் அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துங்கள். புறப்படும் முன்னமே வீட்டு முற்றத்தில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஃபான் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்வது புத்தி. ஃபானின் ஃபியூஸ் போன பைக்கை ஓட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஓடும்போது காற்று அடிப்பதால் அவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

காற்றுக் குளிர்ச்சிப் பைக்கில் மீற்றர் இல்லை, கையும் காதும்தான் மீற்றர். நியூட்ரல் விழ மறுக்கும், கியர் போடும்போது கடகடக்கும். கிளச் லீவரின் தளர்வு மாறும். மேட்டில் அல்லது எதிர்காற்றில் அக்சிலேற்றரைத் திருகும்போது, தகரத்துக்குள் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் கேட்டால் அது எரிவு பிழையாக நடக்கிற சத்தம் (நொக்கிங்). உடனே ஒரு கியர் இறக்குங்கள், திருகலைக் குறையுங்கள். சத்தம் தொடர்ந்தால் நிறுத்துங்கள்.

பைக் திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் தளர்ந்தால் அந்த நொடியே கிளச்சைப் பிடியுங்கள். பிஸ்டன் சிலிண்டரில் கடிக்கத் தொடங்குகிறது. கிளச்சைப் பிடிக்காவிட்டால் பின் சில்லு பூட்டி நீங்கள் விழுவீர்கள். அப்படியே உருண்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள்.

சிலர் சிலிண்டரில் தண்ணீர் தெளித்து "சீ" என்றால் ஓவர் ஹீற் என்பார்கள். நல்ல நிலையில் இருக்கிற எஞ்சினும் 100 பாகைக்கு மேலேதான் இருக்கும், அதிலும் தண்ணீர் சீறும். அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது.

சூடான எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா?

கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கினால் வார்ப்பு வெடிக்கலாம், ஹெட் வளையலாம், பிளக் கிணற்றுக்குள் தண்ணீர் நின்று வயரையும் கெடுக்கும். நிழலில் நிறுத்தி இருபது நிமிடம் விடுங்கள். மழையில் ஓடும்போது படுகிற தண்ணீர் வேறு, அது கொஞ்சம் கொஞ்சமாக எங்கும் படுவது.

வழியில் எங்கே நிறுத்துவது?

வவுனியாவில் இருந்து வடக்கே வந்தால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் வரும். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் முறிகண்டிப் பிள்ளையார். எல்லா வாகனமும் அங்கே நின்று தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகும். அந்த நேரத்தை நீங்களும் வீணாக்காதீர்கள். கும்பிட்டுவிட்டு வந்து பைக்கைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள்: எஞ்சினுக்கு அடியில் புதுச் சொட்டு விழுந்திருக்கிறதா, பிறேக் தட்டில் ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதா, செயின் காய்ந்து போயிருக்கிறதா. இறுகிய பிறேக்கும் காற்றுக் குறைந்த ரயரும் எஞ்சினை இழுத்துப் பிடிப்பவை. எஞ்சினில் பழுது தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை.

காட்டுப் பகுதியில் நிறுத்த வேண்டி வந்தால் வீதி ஓரத்தை விட்டு உள்ளே போகாதீர்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. நல்ல பாலைமர நிழல் தெரிகிறது என்று சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டிப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை வேண்டவே வேண்டாம். காய்ந்த புல்லின் மேலும் நிறுத்தாதீர்கள். சைலன்சர் குழாயின் சூட்டுக்குப் புல் தீப்பிடிக்கும்.

வைக்கோல் சைலன்சரில் சுற்றினால் ஆபத்தா?

ஆபத்துத்தான். பெரும்போக அறுவடை முடிகிற காலத்தில் நெல்லும் வைக்கோலும் வீதியில் காயும். கரையால் போனால் வைக்கோல் நார் செயின் சில்லிலும் எஞ்சினுக்கு முன்னால் வளைகிற குழாயிலும் சுற்றிக்கொள்ளும். முதலில் கருகல் மணம் வரும், ஒயில் மணமில்லை, அடுப்பங்கரை மணம். மணத்தை உணர்ந்தால் நிறுத்தி ஒரு குச்சியால் இழுத்து எடுங்கள், கையால் தொடவேண்டாம். பக்கத்தில் பெற்றோல் குழாய் ஓடுகிறது.

முன்னால் சாமான் கட்டலாமா?

எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியை மறைக்காத இடத்தில் கட்டலாம். முன் கம்பியில் மழைச் சட்டைப் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் வரிசையாகக் கட்டி, சிலிண்டரே தெரியாத அளவுக்கு மறைத்துக்கொண்டு வருகிற பைக்குகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கும். முன்னால் குந்தி இருந்து பாருங்கள். சிலிண்டரின் தகடுகள் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் காற்றுக்கும் தெரியாது.

அதே மாதிரி, சேற்றில் ஓடிவிட்டு வந்தால் தகடுகளுக்கு இடையில் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. றேடியேற்றருக்கு உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்கவேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கி வழி அடைத்துவிடும்.

காற்று பின்னால் இருந்து அடித்தால் எஞ்சின் கூடச் சூடாகுமா?

மன்னார் பூநகரி ஏ32 வீதியில் சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், ஓடியவர்கள் இதைக் கேட்பார்கள். வெட்ட வெளி, மறைப்பே இல்லை. பின்காற்று மணிக்கு 25 கிலோமீற்றரில் அடிக்க நீங்கள் 60இல் போனால் எஞ்சினில் படுவது 35 கிலோமீற்றர் காற்றுத்தான். ஆனால் எஞ்சினுக்கு உழைப்பும் குறைவதால் தார் வீதியில் பெரிய வித்தியாசம் தெரியாது. கிளை வீதியில் மணலுக்குள் இறங்கி 25இல் ஊர்ந்தால் அதுதான் ஆபத்தான நேரம். உங்கள் வேகமும் காற்றின் வேகமும் ஒன்று, எஞ்சினைச் சுற்றிக் காற்று அசையாமலே நிற்கும். உழைப்போ இரட்டிப்பு. அப்படியான மணலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பைக்கைத் திருப்பிக் காற்றுக்கு முகம் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி வையுங்கள்.

பெற்றோலால் சூடு கூடுமா?

கூடும். பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவை சூடாக எரியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோம். அந்த எஞ்சின்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்து தண்ணியாக்கும், எரிவும் நேரத்துக்கு முந்திப் பிழையாக நடக்கும். வேறு வழி இல்லாத காலம் அது. இன்றைக்கு யாரும் காசு மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலக்கவேண்டாம்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற பழக்கத்தில் இன்னும் சிலர் கானில் சேர்த்து வைக்கிறார்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசின் போலப் படிந்து ஜெற்றை அடைக்கும், கலவை மெலியும், எஞ்சின் சுடும். காபரேற்றருக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கிற ரப்பர் வெயிலில் வெடித்தாலும் இதே கதைதான், காற்று களவாக உள்ளே போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறம் என்றால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக, நுனியில் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. சத்தத்துக்காக சைலன்சரை மாற்றி, காற்று ஃபில்ரரைக் கழற்றிவிட்டு ஓடுகிற பொடியளின் பிளக் பெரும்பாலும் இந்த வெள்ளையில்தான் இருக்கும்.

92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 வேண்டுமா? புத்தகம் 95 கேட்காவிட்டால் 92 போதும்.

வெயிலுக்குத் தப்ப இரவில் ஓடலாமா?

எஞ்சினுக்கு நல்லது, உங்களுக்கு நல்லதில்லை. இரவில் மாடுகள் சூடான தார் வீதியில் வந்து படுக்கும். கறுத்த மாடு கறுத்த வீதியில் பத்து மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரியும். நெடுங்கேணிப் பக்கமும் மடுப் பக்கமும் யானையும் வீதிக்கு வரும். விடிகாலை வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் ஓட்டத்தை முடித்து, மூன்றரைக்குப் பிறகு மிச்சத்தை ஓடுங்கள்.

எஞ்சினை விடுங்கள், ஓட்டுகிறவர் என்ன செய்வது?

எஞ்சின் 180 பாகை தாங்கும், உங்கள் உடம்பின் சூடு 40 பாகையைத் தாண்டினால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். காற்று உங்கள் தோலின் சூட்டை, ஏறத்தாழ 35 பாகையை, தாண்டிவிட்டால் அடிக்கிற காற்று உங்களை ஆற்றாது, வியர்வை காய்வது மட்டும்தான் ஆற்றும். அதனால்தான் ரீசேட்டோடு ஓடுவதைவிட, நனைத்த உள்சட்டைக்கு மேலே நீளக்கை சட்டை போட்டு ஓடுவது குளிர்ச்சி. தாகம் வருமுன் குடியுங்கள். இளநீர், உப்புப் போட்ட மோர், தண்ணீர், எதுவும் நல்லதே.

கூட வருகிறவர் தடுமாறிப் பேசினால், வெயிலில் நின்றும் வியர்க்காமல் தோல் கொதித்தால், அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கொடுக்கத் தேவையில்லை.

சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் எண்ணெயும் பூசவேண்டாம். சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும்போது சைலன்சர் இல்லாத பக்கத்தால் இறக்குங்கள்.

தாங்கியில் பெற்றோலை முட்ட நிரப்பலாமா?

காலையில் குளிராக நிரப்பிய 10 லீற்றர் பெற்றோல் வெயிலில் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் பெருக்கும். வாய்வரை நிரப்பியிருந்தால் அது மூடியால் கசிந்து எஞ்சினில்தான் சொட்டும். இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பச் சொல்லுங்கள்.